பித்தும் விசரும்: ஒரு சொல்வரலாறு

பொருளுக்குப் பெயரிடுதல் எளிய செயல். மனிதனுக்குப் பெயரிடுதல் அத்துணை எளிதன்று. மரத்தை எப்பெயராற் கூறினும் மரத்துக்கு வருவதோர் இழிவில்லை. மனிதனோ தனக்கு இட்ட பெயரைக் கேட்கிறான், அதனைச் சுமக்கிறான், சிலபோது அச்சுமையால் வளைந்தும் போகிறான். காய்ச்சல் கண்டவனை அயலார் நோயாளி என்பர். காய்ச்சல் நீங்கியதும் அப்பெயரும் நீங்கும். சித்தங் கலங்கியவனுக்கு இட்ட பெயரோ கலக்கந் தெளிந்த பின்னரும் அவனை விட்டு நீங்குவதில்லை. அவன் பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரையிலும் அது பின்தொடரும். நோய்கள் இரண்டாயினும் பெயரிடுவோர் ஒருவரே. அங்ஙனமாக, இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதை அச்சொற்களின் வரலாறுகொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

மனநோயைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பலவுள. அவற்றுட் பல, தோன்றிய காலத்தில் வசைச்சொற்களாகத் தோன்றியன அல்ல என்பது முதற்கண் உணரத்தக்கது. பித்து, பித்தன் என்பன பித்தம் என்பதன் வழிவந்தவை. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் சமநிலையே நலம் எனக்கொண்ட பண்டை மருத்துவர், பித்தம் மிக்கவிடத்துச் சித்தமுங் கலங்கும் எனக் கருதினர். பைத்தியம் என்பதும் பித்தத்தின் தொடர்பாகவே வந்த வடசொல்லாகும். ஆகவே, ஒருவனைப் பித்தன் என்றது அக்கால மருத்துவ வழக்கிற் பித்தம் மிக்கவன் என்னும் அளவேயாம். கிரேக்க மருத்துவரும் இவ்வாறே எண்ணினர். ஆழ்ந்த துயரநோய்க்கு அவர்கள் இட்டதும், மெலன்கோலி என ஐரோப்பிய மொழிகளில் இன்றுவரை வழங்குவதுமாகிய பெயருக்குக் கரும்பித்தம் என்பதே பொருள்.

ஆயுர்வேத நூலார் இந்நோயை உன்மாதம் என்றனர். சரகர் அதனை ஐந்து வகையாகவும், சுசுருதர் ஆறு வகையாகவும் பிரித்தனர். உண்டாரை மயக்கும் ஊமத்தை என்னுஞ் செடியின் பெயரும் உன்மத்தம் என்னும் சொல்லோடு உறவுடையதே. சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரால் வழங்கும் நூலொன்று, மாந்தர்க்கு வரும் கிறுக்குகள் பதினெட்டு என வகுத்துக் குணமும் மருந்துங் கூறுகின்றது. இன்று தெருவிலே எள்ளலாக எறியப்படும் கிறுக்கு என்னும் சொல், அங்கே மருத்துவர் ஏட்டில் நோய்ப்பெயராக அமைதியுடன் அமர்ந்திருத்தல் காணத்தக்கது.

இன்னொரு தொகுதிச் சொற்கள் வேறொரு கருத்தினடியாகப் பிறந்தவை. புறத்தேயுள்ள ஓர் ஆற்றல் மனிதனுட் புகுந்து அவனை ஆட்டுகின்றது என்பதே அக்கருத்து. பேய்பிடித்தல், வெறி என்பன இத்தொகுதியைச் சார்ந்தவை. சங்க இலக்கியத்து அகப்பாடல்களிலே தலைவி மெலிந்து வாடுதலைக் கண்ட தாய், இது முருகனால் வந்தது போலும் என அஞ்சி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பிக்கின்றாள். தலைவியின் நோய் காதலால் வந்தது என்பதைத் தோழி அறிவாள். பாடலைக் கேட்போரும் அறிவர். தாயும் வேலனுமே அறியார். காரணம் அறியாது நோய்க்குப் பெயரிடுதல் எத்தகைய பேதைமை என்பதைச் சங்கப் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இத்துறையே சான்றாகும்.

தமிழ்ச் சைவ மரபிலே இச்சொற்கள் மிக உயர்ந்த இடத்தையும் பெற்றுள்ளன. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணத்தன்று வயோதிக வேதியராக வந்து, நீ எனக்கு அடிமை என வழக்கிட்ட இறைவனை, நாயனார் பித்தன் எனச் சினந்து கூறினார். திருவெண்ணெய்நல்லூரிலே உண்மை வெளிப்பட்டபோது, அவர் வைத சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்தான் என்பது பெரியபுராண வரலாறு. வசை அங்கே வாழ்த்தாயிற்று. காரைக்காலம்மையார் தம்மைப் பேய் எனக் கூறிக்கொண்டார். ஆழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார் எனப் போற்றப்பட்டார். யாழ்ப்பாணத்திலோ, நல்லூர்த் தேரடியில் உறைந்து 1915 இல் மறைந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் விசர்ச் செல்லப்பா என்றனர். அவ்விசரரின் அடிகளையே யோகர் சுவாமிகள் தம் குருவின் திருவடிகளாகக் கொண்டார். பின்னாளில் ஈழத்துச் சைவர் பலர் யோகர் சுவாமிகளைத் தம் ஞானாசிரியராகக் கொண்டமை யாவரும் அறிவர்.

இவ்வரலாறுகள் சைவ மக்களுக்குப் பெருமை தருவன. ஆயினும் இவற்றிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஞானியரின் பித்தை வணங்கிய அதே சமுதாயம், வேலியோரத்தில் தனியே பேசி நடந்த ஏழையின் பித்தை வணங்கவில்லை. சிறுவர் அவன்மேற் கல்லெறிந்தபோது தடுத்தாருஞ் சிலரே. சொல் ஒன்றே, அது வழங்கிய மனம் இரண்டு. எனவே குற்றம் சொல்லின் ஒலியில் இல்லை. அதனை எடுத்து எறியும் கையிலே உளது என்பது பெறப்படும்.

யாழ்ப்பாணத் தமிழுக்கே சிறப்பாக உரிய சொல் விசர் என்பது. உடுப்பிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை முதலிய வடமராட்சி ஊர்களிலே பைத்தியம் என்பது பெரும்பாலும் ஏட்டுச்சொல்லாக நிற்க, வீட்டிலும் வெளியிலும் வழங்குவது விசரேயாகும். சினம் வந்தால் விசர் வருகுது என்பர். பொருந்தாத பேச்சை விசர்க்கதை என்பர். இவற்றில் நஞ்சு மிகுதியாக இல்லை. ஆனால் தமிழ்நாட்டார் வெறிநாய் என்பதை யாழ்ப்பாணத்தார் விசர்நாய் என்பர். வெறி என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் மதுமயக்கத்தைக் குறிக்கச் சென்றுவிட்டமையால், நாய்க்கும் மனிதனுக்கும் விசர் என்னும் ஒரே சொல் பொதுவாயிற்று. இதன் விளைவு சிறிதன்று. விசர்நாய் கடிக்கும், அதன் கடி தொற்றும், அதனைக் கண்டவிடத்து அடித்துக் கொல்வர். மனநோயோ கடியால் வருவதுமன்று. ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவதுமன்று. எனினும் சொல் ஒன்றாயிருத்தலின், நாயின்மேல் உள்ள அச்சம் மனிதன்மேலும் படர இடமுண்டாயிற்று.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்பர். என்ன வருத்தம், வருத்தம் மாறிவிட்டதோ என வினவுதல் அங்குள்ள அன்பு வழக்கு. ஒருவரது நோயைக் கூறும்போதே அவர் படும் துன்பத்தையும் உடன்கூறும் அழகிய சொல் அது. காய்ச்சலும் வருத்தம், ஈளையும் வருத்தம், நீரிழிவும் வருத்தம். விசரை மட்டும் வருத்தங்களோடு சேர்த்து எண்ணும் வழக்கம் அருகியே காணப்படும். மனவருத்தம் என்னும் தொடரோ மனநோயைக் குறியாது, மனத்தாங்கலைக் குறிக்கும். உடல் நொந்தால் வருத்தம், மனம் நொந்தால் விசர் எனப் பேச்சுவழக்கு இரண்டையும் பிரித்துவிட்டது. உடல் நொந்தவனுக்குக் கிடைக்கும் பரிவு மனம் நொந்தவனுக்குக் கிடையாமைக்கு இப்பிரிவும் ஒரு காரணமாகும்.

இனி இலக்கணத்தை நோக்குதல் தகும். அவருக்குக் காய்ச்சல் என்னுந் தொடரிலே ஆள் நான்காம் வேற்றுமை உருபேற்று நிற்கிறார். நோய் தனியே நிற்கிறது. நோய் அவருக்கு வந்தது; ஆகையால் அவரை விட்டுப் போகவுங் கூடும். அவருக்கு விசர் என்பதும் இவ்வமைப்பினதே. அத்தொடரிலே கொடுமை மிகுதியாக இல்லை. ஆனால் விசர் என்பது அன் விகுதி பெற்று விசரன் என்றும், இகர விகுதி பெற்று விசரி என்றும் ஆகும்போது, வந்த நோயே ஆளாகிவிடுகின்றது. நேற்று வரை கமக்காரர், தச்சர், பண்டிதர், இன்னாரின் தாயார் எனப் பல பெயர்களுக்கு உரியவராயிருந்தவர், அவ்விகுதி ஒன்றினால் அவற்றையெல்லாம் இழக்கிறார். அவருக்கு உரிய பன்மையும் உடன்போகிறது. அவர் அவன் ஆகிறார். நீங்கள் எனப்பட்டவர், இடைப்பட்ட நீர் என்பதையுங் கடந்து, நீ எனப்படுகிறார். நோயாளர், வைத்தியர், ஆசிரியர் என்றாற்போல விசரர் என்னும் மதிப்புச் சொல் உலக வழக்கில் இல்லாமை நோக்கத்தக்கது. நோயினும் பெரிய இழப்பு இதுவெனின் மிகையாகாது.

சட்டமும் தன் பங்குக்குப் பெயரிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இலங்கையிலே சித்தங் கலங்கியோர்க்கெனத் தனியிடம் இருந்ததில்லை. சிறைச்சாலைகளிலும், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நிலவிய ஏந்தல தொழுநோயாளர் இல்லத்திலும் அவர்கள் வைக்கப்பட்டனர். 1847 இல் பொறளையில் அவர்களுக்கெனத் தனியிடம் அமைந்தது. 1873 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் ஆங்கிலத்தில் லூனசி என்னும் பெயரைத் தாங்கியது. லூனா என்பது இலத்தீன் மொழியில் திங்களுக்குப் பெயர். திங்களின் வளர்வுதேய்வால் மனங் கலங்கும் என்ற பழைய எண்ணமே அச்சொல்லுக்கு அடி. அச்சட்டத்தின்கீழ் ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானித்தது. நோய்க்குரிய பெயர் இவ்வாறு தீர்ப்பாகவும் மாறிற்று. 1956 இல் இச்சட்டம் திருத்தப்பட்டு மனநோய்ச் சட்டம் என்னும் பெயரைப் பெற்றது. பெயர் புதிதாயினும் 1873 இன் கட்டமைப்பு அதனுள் நெடுங்காலம் நிலைத்தது.

இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1930 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய பெயரை நீக்கிச் சித்தசுவாதீனமற்ற ஆள் என்னும் பொருள்படும் தொடரை வைத்தது. அடைக்கும் இல்லத்தையும் மனநோய் மருத்துவமனை என மாற்றிப் பெயரிட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து லூனட்டிக் என்னும் சொல் நீங்கியதோ 2012 இலேயாம். அறிவுவளர்ச்சி குன்றியோரை வகைப்படுத்த 1913 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் இடியட், இம்பெசில் என்னும் சொற்களைக் கலைச்சொற்களாகவே கையாண்டது. மருத்துவரும் நீதிபதியும் கையொப்பமிட்டு எழுதிய அச்சொற்கள் இன்று வசைகளன்றி வேறல்ல. பித்தன் சென்ற வழியிலேயே அவையுஞ் சென்றன.

சொற்கள் மட்டுமன்றி இடப்பெயர்களும் இவ்விதிக்குத் தப்பவில்லை. இலண்டனில் 1247 இல் நிறுவப்பட்ட பெத்லெம் மருத்துவமனையின் பெயர் பெட்லம் எனத் திரிந்து, ஆங்கிலத்திலே கூச்சற் குழப்பத்துக்குப் பெயராயிற்று. சென்னையிற் கீழ்ப்பாக்கம் என்றால் அங்குள்ள மனநல மருத்துவமனையை எண்ணி நகைப்பர். இலங்கையில் 1920களின் பிற்பகுதியில் மனநோய் மருத்துவமனை அமைந்த அங்கொடை, யாழ்ப்பாணத்திலும் வசையாயிற்று. நெடுந்தொலைவிலுள்ள அங்கொடையைக் கண்ணாற் காணாதவரும் அதனை வாயாற் கூறினர். வடமராட்சியிலோ அத்தனை தூரஞ் செல்லவேண்டியதில்லை. உடுப்பிட்டிக்கு அண்மையிலுள்ள மந்திகையின் பெயரே, உன்னை மந்திகைக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்னும் ஏளனப் பேச்சில் வழங்கலாயிற்று. நோய் தீர்க்கும் இடத்தின் பெயரே இழிவாகுமாயின், அவ்விடத்துக்குச் செல்ல எவர் துணிவர்? சொல்லின் தீமை இங்கேதான் உயிரைத் தொடுகின்றது. வீட்டார் நோயை மறைப்பர், நாள் பார்ப்பர், கழிப்புக் கழிப்பர், திங்களும் ஆண்டுங் கடக்கும். தொடக்கத்தில் எளிதில் தணிக்கக்கூடிய நோய் அதற்கிடையில் வேரூன்றிவிடும்.

தமிழ் இலக்கணநூலார் இவ்வியல்பை அறியாதவரல்லர். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தனர். மங்கலமில்லாததை மங்கலச் சொல்லாற் கூறுவது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அவ்வகையின. மனநோய்க்கு மீண்டும் மீண்டும் புதுப்பெயர் வைத்தல் இம்மங்கல வழக்கின் பாற்படும். ஆனால் மங்கலச் சொல்லுக்கும் முதுமை உண்டு. பொருளின்மேலுள்ள வெறுப்பு மாறாதவரை, புதுச்சொல்லும் சிலகாலத்திற் பழஞ்சொல்லின் அழுக்கை ஏற்றுக்கொள்ளும். அங்கொடையிலுள்ள மருத்துவமனை 2008 இல் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர்மாறிய பின்னரும், மக்கள் நாவில் அது அங்கொடையாகவே நின்றமை இதற்குச் சான்றாகும்.

அங்ஙனமாயின் பெயர் மாற்றுவது வீண்முயற்சியோ எனின், அன்று. யப்பான் நாட்டு வரலாறு இதற்கு விடை தரும். தமிழிலே மனச்சிதைவு, உளப்பிளவு என வழங்கும் நோய்க்கு யப்பானிய மொழியில் முன்னர் இருந்த பெயர், மனம் பிளந்த நோய் எனப் பொருள்படுவது. அப்பெயரின் கொடுமையால் மருத்துவர் பலர் நோயாளிக்கு அவரது நோய் யாதென்று கூறவே தயங்கினர். நோயாளரின் குடும்பத்தார் வேண்டிக்கொண்டதன் பயனாக, 2002 இல் அப்பெயர் நீக்கப்பட்டு, ஒருங்கிணைவு குலைந்த நிலை எனப் பொருள்படும் பெயர் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னர் நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தம் நோயின் பெயரை மருத்துவர் வாயிலாக அறிந்தனர். சில ஆண்டுகளில் அது மூன்றில் இரண்டு பங்களவாக உயர்ந்தது. புதுப்பெயர் வெறுப்பை முற்றும் ஒழித்தது எனக் கூறுதல் இயலாது. ஆயினும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே அடைத்துக்கிடந்த கதவொன்றை அது திறந்தது. மனச்சிதைவு, உளப்பிளவு என்னும் தமிழ்ப் பெயர்கள் இரண்டும் அப்பழைய யப்பானியப் பெயரைப் போன்றே மனத்தை உடைந்த கலமாகக் காட்டுதல் எண்ணத்தக்கது.

யாழ்ப்பாணம் இத்துறையில் வாளாவிருந்த நாடன்று. தமிழில் மேனாட்டு மருத்துவக் கலைச்சொற்கள் பெருகியதற்கு அடிகோலிய இடமே அது. 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் இருந்து இரணவைத்தியம், வைத்தியாகரம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டும், தமிழிலேயே மருத்துவங் கற்பித்தும் காட்டினார். ஒரு நூற்றாண்டின் பின், 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் தோன்றியது. அதனையடுத்து வந்த போர்க்காலத்திலே குண்டுவீச்சாலும் இடப்பெயர்வாலும் காணாமற்போதலாலும் மனம் நொந்தவர் தொகை பெருகியபோது, பழஞ்சொற்கள் போதாவாயின. தாயை இழந்து உறக்கமற்றுத் திடுக்கிடும் சிறுவனை எந்த நெஞ்சு விசரன் என்று கூறும்? அந்நிலையில் நெருக்கீடு, மனவடு, உளவளத்துணை, சீர்மியம் முதலிய சொற்கள் ஈழத்தில் வழக்கூன்றின. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1990களில் வெளியிட்ட தமிழ்நூலின் பெயரும் மனவடு என்பதே. வடு என்பது காயம் பட்டதைக் கூறுவது; பட்டவரைப் பழிப்பதன்று. ஆளை நோயாக்காமல், ஆளுக்கு நேர்ந்ததைச் சொல்லும் அச்சொல், அவருக்குக் காய்ச்சல் என்னும் பழந்தொடரின் அறத்தையே மீட்டுத் தந்தது எனலாம்.

இச்சொற்கள் கற்றோர் நாவில் மட்டும் நின்றுவிடலாகாது. அவ்வாறு நிற்பின் நேருங்கேடு யாது என்பதைத் தமிழுலகம் 2001 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 6 ஆம் நாள் கண்டது. தமிழ்நாட்டு இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிலே, மனநோயாளரைக் காப்பதாகக் கூறி நடாத்தப்பட்ட இல்லமொன்றில் தீப்பிடித்தது. அங்கிருந்தோர் இரும்புச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். காய்ச்சல் நோயாளியைச் சங்கிலியாற் பிணிக்க எந்தத் தாயும் உடன்படாள். பிணிக்கப்பட்டவனை முதலில் நோயாளி அல்லாத வேறொன்றாகப் பெயரிட்ட பின்னரே பிணித்தல் கூடும். அச்சங்கிலியின் முதற்கண்ணி ஒரு சொல்லே. மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை எவ்வகையிலும் ஆகாதெனத் தெளிவுற விலக்கும் இந்தியச் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டது.

வேறு வகையான மரபும் தமிழர்க்கு உண்டு. உடுப்பிட்டிக்கு அயலேயுள்ள தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில், மனநோயாளரை உறவினர் அழைத்துவந்து தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவியுள்ளது. அன்னதானக் கந்தன் எனப் பெயர்பெற்ற அச்சந்நிதியில், பந்தியில் அமர்ந்தவர் யாவராயினும் அடியார் எனவே அழைக்கப்படுவர். விசரனும் அங்கே அடியாராவார். கோயில் மருந்தாகாது, நோய்க்கு மருத்துவரை நாடவே வேண்டும். ஆயினும் நோயுற்றவரை எப்பெயரால் அழைப்பது என்னும் வினாவுக்குக் கோயில் தந்த விடை சிறந்ததொன்றே.

இதுகாறுங் கூறியவற்றால், மனநோயைக் குறிக்கும் பெயர்கள் பல மருத்துவச் சொற்களாகப் பிறந்து வசைச்சொற்களாக முதுமையுற்றன என்பதும், பெயர்மாற்றம் பயனுடைத்தாயினும் தானே போதாது என்பதும், கொடுமை பெரிதும் ஆளையும் நோயையும் ஒன்றாக்கும் விகுதியில் உளது என்பதும் போதரும். புதுச்சொற்களைப் படைப்பது அறிஞர் கடன். விகுதியை விடுத்து வேற்றுமையுருபை எடுப்பதோ பேசுவார் யாவர்க்கும் இயல்வதே. விசரன் என்பதைக் கைவிட்டு, அவருக்கு மனத்தில் வருத்தம் எனக் கூற ஓர் ஊர் பழகுமாயின், அவ்வூரில் நோயுற்றவர் தம் பெயரையும் தொழிலையும் உறவையும் இழவாதிருப்பர். மருத்துவரிடம் செல்லும் வழியும் அவருக்குக் குறுகும்.